கொடி நின்ற நாள்

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். போலீஸில் ஏட்டாக இருந்த காலத்தில் அந்தக் காதைப் பார்த்தே எதிரில் நிற்கிறவன் உண்மையைக் கக்கிவிடுவான் என்று பேர். ஓய்வு பெற்ற பிறகும் கோபம் குறையவில்லை. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் கோயம்புத்தூரில் இருந்தாள். வீட்டில் அவரும் கொடியும்தான்.

கொடி, கன்னி என்கிற வேட்டை நாய் இனம். கறுத்த மேனி, கண்ணுக்கு மேலே செம்பொட்டு, ஒட்டிய வயிறு. குட்டியாக இருந்தபோது ரத்தக் கழிச்சல் வந்து, இனித் தேறாது என்று எல்லோரும் கைவிட்டார்கள். கால்நடை டாக்டர் ஜெபக்கனிதான் மடியில் போட்டுப் பிழைக்க வைத்தார்.

அன்றிலிருந்து ஆவுடையப்பன் தினமும் அந்தம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார். ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வார், காயம் கழுவத் தண்ணீர் ஊற்றுவார், கேள்வி கேட்பார். டாக்டருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்வார், அதையும் பாதியில் விடுவார்.

"ஏட்டையா அந்தம்மாவுக்குச் சிஷ்யனாயிட்டாரு" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவக்கவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று நினைத்தார்.

கொடி முதல் தடவை இணைசேரும் பருவத்துக்கு, ஹீட்டுக்கு, வந்தபோது ஓட்டமாகப் போய்ச் சொன்னார். இணை விடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றார் டாக்டர்.

"ஏன்?"

"அவளே இன்னும் குட்டி."

"ஊர்ல எல்லாரும் விடுதாங்களே."

டாக்டர் அடுத்த நாயின் காதைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து, கொடியைப் பின்கட்டில் பூட்டி வைத்து, வாசலில் கூடிய தெருநாய்களைக் கல்லால் அடித்தே அந்தப் பருவத்தைக் கழித்தார்.

மாதங்கள் போய் மறுபடி கொடி ஹீட்டுக்கு வந்தது. இந்தத் தடவை டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுத்துச் சோதித்தார், பூச்சி மருந்தும் தடுப்பூசியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"இப்ப எந்த நாள் விடணும்? ரத்தம் பட்ட ஒம்பதாம் நாள்னு சொல்லுதாங்க" என்றார் ஆவுடையப்பன்.

டாக்டர் கொஞ்சம் பஞ்சு எடுத்துக் கொடியின் பின்பக்கம் மெல்ல ஒற்றினார். பஞ்சு சிவந்தது. அதை ஆவுடையப்பன் கையில் வைத்தார்.

"இது மாறும்."

"எப்ப மாறும்?"

"பாத்துட்டே இருங்க."

"பாத்துட்டே இருன்னா? நான் என்ன இதுக்குக் காவலா இருக்கேன்?"

"இத்தனை வருஷம் அந்த வேலைதானே பாத்தீங்க."

ஆவுடையப்பனுக்குக் காது சூடேறியது. ஒரு நாளைச் சொன்னால் முடிந்துபோகிற விஷயம். பஞ்சு என்கிறார், பார் என்கிறார், மாறும் என்கிறார். படித்தவர்கள் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தார். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒன்பதாம் நாளைப் பேனாவால் வட்டமிட்டார். அது ஞாயிற்றுக்கிழமை. ஆண் நாயைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்த பெத்துராஜுக்கும் ஞாயிறுதான் நேரம் ஒழியும்.

பெத்துராஜ் பஞ்சு மில் முதலாளி. அவரிடம் பட்டாளம் என்று ஒரு ஆண் கன்னி இருந்தது. அந்தப் பக்கத்தில் அதற்கு நிகரில்லை என்று பேச்சு. அப்படிப்பட்ட நாய் வீடு தேடி வருவதே பெரிது.

சனிக்கிழமை டாக்டர் கேட்டார். "பஞ்சு எப்படி இருக்கு?"

"சிவப்பாத்தான் இருக்கு."

"ஆம்பள நாய் பக்கத்துல வந்தா?"

"கடிக்கப் போவுது."

"அப்ப இன்னும் ஆகல."

ஆவுடையப்பன் தலையை ஆட்டிவிட்டு வந்தார். பெத்துராஜிடம் வரவேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெரிய மனுஷன். வாக்குக் கொடுத்தாயிற்று.

ஞாயிறு காலை ஜீப் வந்தது. பட்டாளம் குதித்து இறங்கி நேரே கொடியிடம் போனது. முகர்ந்தது. கொடி வாலை இறுக்கிக்கொண்டு சுழன்று பல்லைக் காட்டியது. பட்டாளம் ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடி முகர்ந்தது. பிறகு வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துவிட்டது.

"என்ன ஏட்டையா, உங்க பிள்ளைக்குக் கூச்சமா?" பெத்துராஜ் சிரித்தார்.

ஆவுடையப்பனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. துண்டைக் கிழித்துக் கொடியின் வாயைக் கட்டினார். முன்னங்கால்கள் இரண்டையும் தன் முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். "இப்பக் கொண்டாங்க" என்றார்.

பெத்துராஜ் பட்டாளத்தைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வந்து மேலே ஏற்றினார். கட்டிய வாய்க்குள்ளிருந்து கொடி கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை ஆவுடையப்பன் அதுவரை அதனிடம் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. உடம்பை முறுக்கி விழுந்தது. அவர் தூக்கி நிறுத்தினார். மறுபடி விழுந்தது. மறுபடி நிறுத்தினார்.

"நில்லு! நில்லுன்னா நில்லு!"

மூன்றாவது தடவை துண்டு நழுவியது. கொடி அவருடைய வலது கையைக் கவ்வியது.

அவர் மடியில் தூங்கி, அவர் தட்டில் சோறு தின்று வளர்ந்த நாய். கையிலிருந்து ரத்தம் சொட்டியபோது ஆவுடையப்பனுக்கு வலி தெரியவில்லை. ஆத்திரம்தான் தெரிந்தது. இடுப்பு பெல்ட்டை உருவி வீசினார். கொடி ஓடவில்லை. சுவரோடு ஒடுங்கிக்கொண்டு வாங்கிக்கொண்டது. பக்கிள் பட்டுக் கண்ணுக்கு மேலே, அந்தச் செம்பொட்டு இருந்த இடத்தில் கிழிந்தது.

"விடுங்க ஏட்டையா, அதுக்கு ஏதோ குறை இருக்கு. வேற நாய் பாருங்க" என்று சொல்லிவிட்டு பெத்துராஜ் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் கொடியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரியும் வீடும் ஒரே கட்டடம்தான். டாக்டர் அப்போதுதான் ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பியிருந்தார். வெள்ளைச் சேலை.

"இதுக்கு ஊசியைப் போட்டு முடிச்சிருங்க! சோறு போட்ட கையவே கடிச்சிருச்சு."

டாக்டர் அவர் கையைப் பார்த்தார். கொடியின் கண்ணைப் பார்த்தார். பெல்ட் இல்லாமல் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினார்.

"குழாயில கையைக் காட்டிட்டு நில்லுங்க. சோப்பு அங்க இருக்கு."

கொடியை மேசையில் ஏற்றித் தையல் போட்டார். வெள்ளைச் சேலையெல்லாம் ரத்தம். ஆவுடையப்பன் குழாயடியில் நின்றுகொண்டு கத்தினார்.

"நாள் சரியா எண்ணித்தான் விட்டேன். பட்டாளம் மாதிரி நாயைக் கொண்டாந்து நிறுத்தினேன். என்ன குறை வச்சேன்? இது ஏன் நிக்கல?"

டாக்டர் கத்தரியை டிரேயில் போட்ட சத்தம் மட்டும் கேட்டது. கொடியைப் பின்பக்கக் கம்பிவலைக் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் முகம் கல் மாதிரி இருந்தது. நேரே குழாயடிக்கு வந்து, ஆவுடையப்பனின் மணிக்கட்டைப் பிடித்து, பல் இறங்கிய இடத்தில் சோப்பை வைத்துத் தேய்த்தார்.

ஆவுடையப்பன் அலறினார். "இரும்மா! இரு!"

டாக்டர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"விடும்மான்னா! எனக்கு எப்ப முடியுமோ அப்ப தொடு!" கையை வெடுக்கென்று உருவினார். இன்னொரு கை ஓங்கி மேலே போய்விட்டது. போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்படியே நின்றது அந்தக் கை.

டாக்டர் விலகவில்லை, கண்ணையும் மூடவில்லை. பிடியை மட்டும் விட்டுவிட்டு, சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் ஓங்கிய கையை இறக்கினார். மூச்சு வாங்கியது.  கொட்டகையில் கொடி மெல்ல முனகியது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஆவுடையப்பன் கையை நீட்டினார்.

டாக்டர் நிதானமாகக் கழுவ ஆரம்பித்தார். அதே சோப்பு, அதே காயம். இந்தத் தடவை ஆவுடையப்பன் கையை இழுக்கவில்லை.

"அது எப்ப தயாராவும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். குரலில் இன்னும் கோபம்தான் இருந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

"இப்பக் கையை நீட்டினீங்களே. நான் கேட்டனா?"

ஆவுடையப்பன் குழாயை மூடினார்.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கிடுங்க. அவ இங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து ஆவுடையப்பன் கறிச்சோறு எடுத்துக்கொண்டு தினமும் வந்தார். கொட்டகைக்குள் தட்டை வைப்பார். கொடி வராது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் சாப்பிடுகிறது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது. எத்தனை நாள்தான் முறுக்கிக்கொள்ளும் என்று கத்தினார். 

கம்பிவலைக்கு வெளியே தெருநாய்கள் கூடின. கொடி பாய்ந்து பாய்ந்து விரட்டியது. ஆவுடையப்பன் வேறு வழியில்லாமல் எட்ட நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை டாக்டரே போன் செய்தார். "வாங்க. ஒண்ணு பாக்கணும்."

போய்ப் பார்த்தார். காது கிழிந்த ஒரு செவலை நாய் வலையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. கொடி விரட்டவில்லை. தானே வலைக்குப் பக்கத்தில் போனது. திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டி, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, கால்களை ஊன்றி நின்றது. யாரும் பிடிக்கவில்லை. அடித்து வைத்த முளை மாதிரி அசையாமல் நின்றது.

டாக்டர் ஒரு பஞ்சைக் காட்டினார். சிவப்பு போய், வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறத்தில் இருந்தது.

ஆவுடையப்பன் வெகுநேரம் பார்த்தார். "இதுதானா?"

"இதுதான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கினார். டாக்டர் சொல்லித்தான் இருந்தார். தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்தோடேயே தெருவுக்குப் போய், மானத்தை விட்டு, பெத்துராஜுக்குப் போன் போட்டார். முகம் மலரத் திரும்பி வந்தார்.

"டாக்டரம்மா, பட்டாளம் மத்தியானமே வந்துரும். நான் கட்டமாட்டேன், பிடிக்கமாட்டேன், எட்டத்தான் நிப்பேன். இப்ப விடலாம்லா?"

டாக்டர் கேட்டார். "அவ குட்டி போடும்போது பக்கத்துல யாரு இருக்கப்போறா?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

டாக்டர் கொட்டகைக் கதவைத் திறந்தார். "அப்ப உள்ள போங்க."

ஆவுடையப்பன் குனிந்து உள்ளே போனார். "கொடி" என்று கூப்பிட்டார்.

வலையோரம் நின்ற கொடி திரும்பியது. வால் காலுக்கிடையில் போயிற்று. சுவரோடு சுவராக நகர்ந்து மூலையில் ஒடுங்கியது. தையல் போட்ட கண்ணுக்கு மேலே தோல் சுருங்கியது. உதடு உயர்ந்தது.

அவர் இன்னும் ஒரு அடி வைத்தார். உறுமல் கேட்டது.

ஆவுடையப்பனுக்குக் காது சிவந்தது. டாக்டரைப் பார்த்துத் திரும்பினார். "இங்க பாருங்கம்மா! எங்கயோ கிடக்க தெருநாய்க்கு நிக்குது. என்னைப் பாத்து உறுமுது!"

"ஆமா அண்ணாச்சி" என்றார் டாக்டர். "நாய்க்கு நின்னுட்டா. உங்களுக்கு இன்னும் நிக்கல."

சட்டைப் பையில் போன் அடித்தது. பெத்துராஜ்தான். அடித்து அடித்து ஓய்ந்தது. ஆவுடையப்பன் கொட்டகையின் நடுவில், வெறும் தரையில், மெல்ல உட்கார்ந்தார்.