மூணாவது மிதி

ஒரு ஊர்ல ஒரு லாரி இருந்துச்சாம். ராசா இல்ல கண்ணு, லாரி. ராசா கதையெல்லாம் உங்கம்மாகிட்டக் கேளு, இந்த அத்தைக்குத் தெரிஞ்சது லாரி கதைதான். ம் கொட்டோணும். கொட்டலைன்னா நிறுத்திருவேன்.

ம்.

அது உங்க அப்பாரு, உன்ற தாத்தா, வாங்குன மொத லாரி. என்ற அப்பன்தான், படத்துல மீசையோட இருக்காரே, அவரு. சங்ககிரியில பாடி கட்டி, பச்சைப் பெயிண்டு அடிச்சு, நெத்தியில 'மரகதம்'னு என்ற பேரை எழுதுனாரு. அப்போ எனக்கு உன்ற வயசு. அப்புறம் வீட்டுல ரெண்டு மரகதம். ஒண்ணு சோறு திங்கும், இன்னொண்ணு டீசல் குடிக்கும்னு சொல்லிச் சிரிப்பாரு. காலைல கௌம்பறப்ப பாம் பாம்னு ரெண்டு தடவை அடிப்பாரு, நான் ஓடியாந்து கதவுல தொங்குவேன். ஆயுதபூசைக்கு எனக்கு ஒரு பாவாடை, அதுக்கு ஒரு சோடி குஞ்சம். எனக்குப் பொறாமையா இருக்கும். ஆனாலும் அது மேல உசுரு.

அப்புறம், அந்த மரகதத்துக்கு ஒரு கெட்ட கொணம் இருந்துச்சு. சமதரையில தங்கம். முழு லோடோட மலை எறங்கறப்ப மட்டும் பிரேக்கு பேச்சுக் கேக்காது. ஒரு மிதி மிதிச்சா பொசுக். ரெண்டாவதும் பொசுக். மூணாவது மிதிக்குத்தான் கிரீச்சுனு நிக்கும். மூணு பட்டறையில காட்டியாச்சு, மூணு பேரும் சரியாப் போச்சுன்னாங்க, போகல. அப்பாரு பழகிக்கிட்டாரு. மொரண்டு புடிக்கற புள்ளய அதட்டற மாதிரி 'ஏ மரகதம்'னு சொல்லிட்டே மூணு மிதி மிதிப்பாரு. பதினாலு வருசம் அப்படியே ஓட்டுனாரு.

தூங்கிட்டயா?

ம்... இல்ல.

அப்போ அவருக்குச் சக்கரை வியாதி கண்ணுல எறங்கிருச்சு. எதுக்க வர்ற வண்டி ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. விக்கறதைத் தவிர வழியில்ல. பவானிப் பக்கத்துல இருந்து மாரப்பன்னு ஒருத்தரு வந்தாரு. எளவட்டம், அவருக்கும் அதுதான் மொத லாரி. அப்பாரு வண்டியக் கழுவி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, பூ சுத்தி நிறுத்துனாரு. கல்யாணப் பொண்ண அனுப்பற மாதிரி எங்கம்மா அழுதுட்டே ஆரத்தி எடுத்துச்சு.

மாரப்பன் வண்டியச் சுத்திப் பாத்துட்டு, ஏதாச்சும் குறை உண்டுங்களான்னு கேட்டாரு. தங்கமான வண்டின்னாரு அப்பாரு. அப்புறம் காப்பி குடிக்கறப்ப மறுக்காக் கேட்டாரு. அப்பவும் அப்பாரு இல்லைன்னு தலையத்தான் ஆட்டுனாரு. அப்புறம் டுர்ருனு வண்டியக் கெளப்பிட்டு, மேல உக்காந்துட்டே, "மாமா, நான் தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஒண்ணுமில்லீங்களே?"ன்னு கேட்டாரு. அப்பாரு வாயத் தெறந்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். தெறந்த வாய மூடிட்டு, "ஒண்ணுமில்லீங்க மாப்ள, நல்லா வெச்சுக்கங்க"ன்னாரு.

வண்டி போனப்புறம், பிரேக்கப் பத்தி ஏனுங்கப்பா சொல்லலைன்னு கேட்டேன்.

"பொண்ணக் குடுக்கறப்ப அதோட குறைய யாராச்சும் சொல்லுவாங்களா சாமி?"ன்னாரு.

எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. இருபது வயசு ஆயிருச்சு, எனக்காச்சும் புத்தி இருந்திருக்கோணும். இல்ல.

ம்.

நாலு மாசம் உள்ளூர்லயே ஓடுச்சு. அப்புறம் ஒரு மத்தியானம் சைக்கிள்ல ஒருத்தரு வந்து, "மரகதம் போயிருச்சுங்க, திம்பம் மலையில"ன்னாரு. அப்பாரு சிரிச்சாரு. மரகதம் இதா மோரு கொண்டாந்து நிக்குதேன்னு என்னையக் கை காட்டுனாரு. காட்டுன கை அப்படியே நின்னுருச்சு. ஓட்டுனது யாருன்னு கேட்டாரு. மாரப்பன்தான். முழு லோடோட எறங்கறப்பப் பள்ளத்துல உருண்டிருச்சாம். பொழைக்கல.

அப்போ அப்பாரு என்னையும் கூட்டிக்கிட்டு பவானி போனாரு. உண்மையச் சொல்லிரோணும், சொல்லிரோணும்னு பஸ்ஸுல பூராச் சொல்லிட்டே வந்தாரு. மாரப்பனோட சம்சாரம் எந்திரிச்சு வந்து அவரு கையப் புடிச்சுக்கிச்சு. "உங்களப் பத்தித்தாங்க பேச்சு எப்பவும். குறையே இல்லாத வண்டியக் குடுத்தாருன்னு சொல்லிட்டே இருப்பாருங்க"ன்னு அழுதுச்சு. அப்பாரு உண்மையச் சொல்லல. நானும் சொல்லல. பஸ் ஏறி வந்துட்டோம்.

அதுக்கப்புறம் பதினோரு வருசம் இருந்தாரு. ஒரு நாள்கூட என்னையப் பேரு சொல்லிக் கூப்புடல. ஏ புள்ள, ஏ புள்ளைன்னுதான்.

ம் கொட்டு சாமி. கொட்டலயா? சரி, தூங்கு. தூங்கறதும் நல்லதுதான், இதை உன்ற காதுல போட்டுக்க வேண்டாம். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கட்டுக் கரும்பு வருதே, நீகூட முழங்கையெல்லாம் சாறு ஒழுகத் திம்பியே, அது பவானியில இருந்து அந்தம்மா அனுப்பறதுதான். நல்ல மனுசரு வீடுன்னு முப்பது வருசமா அனுப்புது. நானும் வாங்கி வெச்சுக்கறேன்.

லாரி போன எடத்துக்கே கதையும் போயிருச்சு. கண்ணை மூடு, கண்ணு.