கணவாயில் கடைசியாக நடப்பவள்

"அவளுக்குப் பதிலா நான் வர்றேன்னு சொன்னா, கீழூரான் ஒத்துக்குவானா, தாயே?"

நல்லாண்டன் இதைக் கேட்டபோது ஓடையம்மா ஆட்டு ரோமத்தில் சிக்கியிருந்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உன்னை வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? உனக்கு ஒழுங்காப் பால் கறக்கக்கூடத் தெரியாதே."

சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. கண் கலங்கி நின்றான்.

ஓடையம்மாவுக்கும் அவன் வயதுதான் இருக்கும். தும்பைநாட்டு மேய்ப்பர்கள் மனசு கனத்துப்போனால் ஓடைக்கரையில் இருக்கும் அவள் குடிசைக்குத்தான் வருவார்கள். நல்லாண்டன் எத்தனையோ வருஷமாக வந்து உட்கார்ந்து கேட்கிறவன். கேட்டதில் பாதியை வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுவான், அது வேறு விஷயம்.

"என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு."

"கணவாயில திரும்பிப் பார்த்துட்டேன்."

ஓடையம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த முள்ளைத் தேடியது.

தும்பைநாட்டில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அங்கே கோடைக்கு மேல்மலை, குளிருக்குப் பள்ளத்தாக்கு. நடுவில் இருட்டுக் கணவாய். அதற்கு அடியில்தான் செத்தவர்களின் ஊர் இருக்கிறது என்பார்கள். அதை ஆள்கிறவனின் பேரைச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை, அதனால் கீழூரான் என்று சொல்லிவைப்பார்கள். அவன் வாசலில் மூன்று தலை நாய் ஒன்று படுத்திருக்கும். கணவாயில் காற்று ஊளையிட்டால், அது காற்றில்லை.

ஆதியில் ஒரு மேய்ப்பன், செத்துப்போன பெண்டாட்டியைக் கெஞ்சிக் கூத்தாடிக் கீழூரிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தானாம். கணவாய் முடிந்து வெளிச்சம் தெரிகிற இடத்தில், வருகிறாளா என்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் புகையாகிப் போனாள். அன்றிலிருந்து அதுதான் சட்டம். கணவாயில் திரும்பிப் பார்த்தால், பின்னால் வருகிறவர் கீழூரானுக்குச் சொந்தம்.

வழி குறுகல். ஒரு குடும்பம் முழுசாக வெளியே போன பிறகுதான் அடுத்த குடும்பம் உள்ளே நுழையும். முன்னால் கிடாயைப் பிடித்துக்கொண்டு புருஷன், நடுவில் ஆடுகள், கடைசியில் குட்டிகளோடு பெண்டாட்டி. அவள் இடுப்பில் ஒரு மணி கட்டியிருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அவள் வருகிறாள் என்று அர்த்தம், திரும்ப வேண்டியதில்லை.

"குருந்தாளோட மணிச் சத்தம் திடீர்னு நின்னுபோச்சு, தாயே. என்னால தாங்க முடியல. திரும்பிட்டேன்."

"என்ன பார்த்த?"

"கால்ல முள்ளு குத்தி, உக்காந்து எடுத்துக்கிட்டிருந்தா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

யாரும் பார்க்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒளித்தால் கீழூரான் ஊரையே எடுத்துக்கொள்வான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நேரே ஊர்த்தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டான். ஊர் கூடியது. அடுத்த பயணத்தில் குருந்தாளைக் கணவாய் நடுவில் விட்டுவிட வேண்டும், அதுவரை அவள் பேச்சைக் காதில் வாங்கக் கூடாது, அவள் வாயால் பேசுவது கீழூரானாக இருக்கலாம் என்று முடிவானது.

குளிர்காலம் முழுக்க நல்லாண்டன் வீட்டுக்குள் காதில் ரோமத்தை அடைத்துக்கொண்டே இருந்தான். அவள் ஏதோ சொல்லுவாள், அழுவாள், சட்டியை நங்கென்று வைப்பாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

நாளைக்கு மேல்மலைக்குப் புறப்பாடு.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் ஓடையம்மா. "கணவாயில இதுவரைக்கும் உனக்கு எத்தனை குட்டி தொலைஞ்சிருக்கு?"

"குட்டியா? ஒண்ணுகூட இல்ல. எங்கப்பா காலத்துலயும் இல்ல."

"அதுங்க உன் பின்னாடி ஒழுங்கா வரிசையில வருமா?"

"எங்க வரும்? புல்லைக் கண்டா நின்னுடும். பாதி வழியில படுத்துக்கும். குட்டின்னா அப்படித்தானே?"

"அப்புறம் எப்படி ஒண்ணுகூடத் தொலையல?"

நல்லாண்டன் வாயைத் திறந்தான்.

அப்போது பாதையில் மணிச் சத்தம் கேட்டது. குருந்தாள் அவனைத் தேடிக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். அவன் பதறிப்போய் மடியிலிருந்த ரோமத்தை எடுத்துக் காதில் திணித்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

ஓடையம்மா எழுந்தாள். அவன் காதிலிருந்த ரோமத்தை இரண்டு விரலால் பிடுங்கினாள். இந்தக் காது. அந்தக் காது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்ல ரோமம். எனக்கு வேணும்," என்று கூடையில் போட்டுக்கொண்டாள். "குருந்தா, கணவாயில குட்டி பின்தங்கினா நீ என்ன செய்வ?"

குருந்தாளுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன செய்வேன்? திரும்பிப் பார்ப்பேன். போய்த் தூக்கிக்கிட்டு வருவேன்."

நல்லாண்டன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "திரும்பிப் பார்ப்பியா? எத்தனை தடவ?"

"கட்டிக்கிட்டு வந்த வருஷத்துலேர்ந்து, ஒவ்வொரு பயணத்துலயும். பார்க்காம குட்டி எப்படி வீடு வந்து சேரும், மாமா? உங்கம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. ஆம்பளைங்ககிட்ட மட்டும் சொல்லிடாத, பயந்துடுவாங்கன்னாங்க."

"இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்லலயா!" குருந்தாளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "குளிர் பூரா சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்!"

நல்லாண்டன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அழுதுகொண்டும் இருந்தான், சிரித்துக்கொண்டும் இருந்தான். அத்தனை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை அப்படியே உருண்டு போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்கு ஊர் ஞாபகம் வந்தது.

"தலைவர்கிட்ட என்ன சொல்றது, தாயே?"

"சொல்லாத. அவருக்கு எத்தனை குட்டி தொலைஞ்சிருக்குன்னு கேளு. அவர் பெண்டாட்டி பக்கத்துல இருக்கும்போது கேளு."

அப்படியே கேட்டான். தலைவர், "ஒண்ணுகூட இல்ல," என்று பெருமையாகச் சொன்னார். அவர் பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, நாளைக்கு வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் கிளம்புங்கள், குருந்தாளும் கணவாயைத் தாண்டட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கணவாயின் வாயில் நல்லாண்டன் கிடாயின் கயிற்றைக் குருந்தாள் கையில் கொடுத்தான். அவள் இடுப்பு மணியை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான்.

உள்ளே இருட்டு. காற்று ஊளையிட்டது.

பாதி வழியில் முன்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா, குட்டியெல்லாம் வருதா?"

நல்லாண்டன் நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"வருது."