ஷைனி கேட்ட புத்தகம்

நாகர்கோவில் வட்டார நூலகர்களுக்குப் பதிப்புரிமைப் பாடம் நடத்தியவர் ஜெபக்கனி. மாணவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் அவர் வாயைத் திறந்தால் வகுப்பில் வேறு சத்தம் இருக்காது.

அவர் கற்றுக்கொடுத்தது அதிகமில்லை. யாராவது நகல் கேட்டால் நூலகர் தனக்குள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? கொடுக்காவிட்டால் யாருக்கு நஷ்டம்? அதற்குப் பிறகுதான் சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

அவரிடம் முதலில் வந்து சேர்ந்தவர் தாணுமாலயன். சட்டம் முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பின்னால் வந்தவள் ரமீஜா, சின்னவள். அவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். வந்தால் தாணுமாலயனிடம்தான் ஓடுவாள். இருவருக்கும் ஒரே நூலகத்தில் வேலை. ஜெபக்கனியின் வகுப்பு நடந்ததும் அங்கேதான்.

வாசகர்கள் என்னவோ ரமீஜாவின் மேசைக்குத்தான் போனார்கள். தாணுமாலயன் சும்மா உட்கார்ந்திருக்க, அங்கே வரிசை நின்றது. அவருக்கு வயிறு எரிந்தது. நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நம்மையே தாண்டிப் போகிறாளே என்று பொருமினார். அவள் சிரிப்புச் சத்தம் கேட்டாலே காப்பி கசந்தது.

அப்போது ஜெபக்கனிக்கு மாற்றல் வந்தது. அடுத்து வகுப்பு நடத்தப்போவது யார் என்று வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று தாணுமாலயன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். உள்ளுக்குள் பயம்தான்.

அந்த வாரம் ஷைனி என்ற கல்லூரி மாணவி வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். கையில் தடிமனான வரலாற்றுப் புத்தகம்.

"ரமீஜாக்கா இருக்காவளா?"

"லீவு. என்ன வேணும்?"

"இதை முழுசும் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணித் தரணும் சார். பரீட்சை வருது."

ரமீஜாக்கா என்ற சொல்லிலேயே அவர் முகம் சுருங்கிவிட்டது.

"முழுப் புஸ்தகமும் முடியாது. சட்டத்துல இடமில்ல."

"நாலு பாடமாவது?"

"முடியாதுன்னா முடியாதும்மா."

ஷைனி கம்பைத் தட்டிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, பின்பக்க அறையில் ரமீஜா உரக்க வாசித்துக்கொண்டிருந்ததைத் தாணுமாலயன் கண்ணாடி வழியே பார்த்தார். பக்கத்தில் ஷைனி. மேசையில் கைபேசி பதிவுசெய்துகொண்டிருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. மாட்டிக்கொண்டாள்! நேராக ஜெபக்கனியிடம் போனார்.

"மேடம், ரமீஜா ஒரு புஸ்தகத்தை முழுசா பதிவு பண்ணுறா. பதிப்பகத்துக்காரன் கேஸ் போட்டா நூலகத்தோட பேரே போயிரும். இவளையா வகுப்பு எடுக்க விடப்போறீங்க?"

ஜெபக்கனி நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்காகப் பண்ணுறா?"

"யாரோ காலேஜ் பிள்ளை."

"தப்புன்னா நிறுத்தணும் சார். வாங்க, நீங்களே வந்து சொல்லிடுங்க."

"நானா?"

"சட்டம் உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்."

இருவரும் அந்த அறைக்குள் போனார்கள். ரமீஜா வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"சொல்லுங்க சார்" என்றார் ஜெபக்கனி.

தாணுமாலயன் தொண்டையைச் செருமினார்.

"ரமீஜா, நீ பண்ணுறது..."

ஷைனி சட்டென்று முகத்தைத் திருப்பினாள்.

"அக்கா, இந்தக் குரல்தான். அன்னைக்கு முடியாதுன்னது இவருதான்."

ரமீஜா சிரித்தாள்.

"சேச்சே, சார் அப்படிச் சொல்லவே மாட்டாரு. வேற யாராவதா இருக்கும். பார்வை இல்லாதவங்களுக்குன்னா, லாபம் பார்க்காம முழுப் புஸ்தகத்தையும் பதிவு பண்ணிக் கொடுக்கலாம், சட்டமே இடம் கொடுக்குதுன்னு எனக்குச் சொல்லித் தந்ததே சார்தான். இல்லேன்னா எனக்கு ஏது தைரியம்?"

ஷைனி கேட்டாள்.

"அப்போ, சாருக்குத் தெரியுமா?"

ரமீஜாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் தாணுமாலயனைப் பார்த்தாள். அவர் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ வாசி ரமீஜா. பிள்ளைக்குப் பரீட்சை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி வெளியே நடந்தார்.

தாணுமாலயன் பின்னாலேயே போனார். உள்ளே ரமீஜா விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது தாழ்வாரம் வரை கேட்டது.

"மேடம்."

ஜெபக்கனி நின்றார்.

"அந்த நேரத்துல அந்த விதி மறந்துபோச்சு மேடம்."

"மறந்திருந்தா திரும்பச் சொல்லிக்கொடுத்திருப்பேன் சார்" என்றார் ஜெபக்கனி.