இடது பக்கம் இழுக்கும் வண்டி

"வண்டி இடது பக்கம் இழுக்குதுங்க அம்மிணி" என்றார் மருதாசலம்.

பிலோமினா வண்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

பொள்ளாச்சி ரோட்டில் இருக்கிற அவள் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு குறையோடுதான் வருவார்கள். வாரம் முழுக்க ஆபீசுக்கும் காய்கறிக் கடைக்கும் ஓட்டுகிற அதே காரை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் ஆசை தீர விரட்டுகிற கூட்டம் அது. சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும், அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அவள் சுலபத்தில் பதில் சொல்ல மாட்டாள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மருதாசலம் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். சுந்தராபுரத்தில் சொந்தமாக லேத் வைத்திருக்கிறார். பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற வேலை. தலைமயிர் கனம் பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கடைவார்.

அப்படிப்பட்ட மனுஷன் தன் காரின் சக்கர அலைன்மெண்டை இன்னொருத்தர் கையில் கொடுப்பாரா? இரண்டு பக்கமும் நூல் கட்டி, ஸ்கேல் பிடித்துத் தானே வைத்தார். வண்டி இழுத்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி வைத்தார். அளவு துல்லியமாக இருந்தது. வண்டி இழுத்தது.

நேர் ரோட்டில் கையை லேசாக விட்டால் போதும், இடது பக்கம் போகிறது என்றார். டிராக்கில் வேகம் எடுக்க எடுக்கத் தோள்பட்டை வலிக்கிற அளவுக்குப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறதாம். தன் வாழ்நாளில் அளவு சரியாக இருந்து வேலை தப்பாகப் போனது இது ஒன்றுதான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு, இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்" என்றாள்.

ஓட்டினார். புளியமரங்கள் தாண்டி நேர் ரோடு வந்தது.

"இப்பக் கையை விடுங்."

விட்டார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

"எங்கீங்ணா இழுக்குது?"

டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டவர் மாதிரி மருதாசலத்துக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு தரம் திரும்பி வந்து பார்த்தார்கள். இழுக்கவே இல்லை.

"தனியாப் போனா இழுக்குதுங்க" என்றார், சின்னக் குரலில்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவள் ஸ்பேனரை எடுக்கவில்லை. நீங்கள் எப்படி அளவு வைத்தீர்களோ, ஆரம்பத்திலிருந்து அப்படியே செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

டிராக்குக்குப் போகிறவர்கள் காலி வண்டியில் அளவு வைக்க மாட்டார்கள். ஆள் உட்கார்ந்தால் வண்டி ஒரு பக்கம் அமுங்கும். அமுங்கினால் சக்கரத்தின் சாய்வு மாறும். அதனால் ஓட்டுகிறவர் எடைக்கு மணல்மூட்டை கட்டி, சீட்டில் வைத்துவிட்டுத்தான் நூலையே எடுப்பார்கள்.

மருதாசலம் டிக்கியைத் திறந்தார். உள்ளே இரண்டு ஹெல்மெட், இரண்டு மூட்டை. முதல் மூட்டையைத் தூக்கி ஸ்டீயரிங்குக்கு முன்னால் தன் சீட்டில் பொத்தென்று போட்டார்.

இரண்டாவது மூட்டையை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். வண்டியைச் சுற்றி வந்து இடது சீட்டில் மெதுவாக இறக்கினார். சரியாமல் நிமிர்த்தி வைத்தார். சீட் பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டினார்.

பிறகுதான் அவள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

"அது யாருங்ணா?"

மருதாசலம் நூல்கண்டைக் கையில் உருட்டினார்.

"பையனுங்க. தரணி."

அந்தப் பழைய காரை அப்பனும் மகனுமாகத்தான் வாங்கினார்கள். லேத் பட்டறையில் வைத்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, கழுவி, பூட்டினார்கள். டிராக்கில் ஒரு சுற்று இவர் ஓட்டுவார், ஒரு சுற்று அவன் ஓட்டுவான். ஓட்டாதவர் இடது பக்கம் உட்கார்ந்து கத்திக்கொண்டே வருவார். மருதாசலம் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஒருநாள் அவன் வளைவில் பிரேக்கைத் தாமதமாக அழுத்தி, வண்டியை டிராக் ஓரத்து ஜல்லியில் இறக்கிவிட்டான். வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அத்தனை பேர் முன்னால், உனக்கெல்லாம் எதுக்குடா வண்டி என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அந்த மாதமே அவன் ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவிடம் தினமும் பேசுகிறான். சமையலறையில் போன் ஸ்பீக்கரில் இருக்கும்போது மருதாசலம் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான் உறவு.

"ஒருவேளை ஞாயித்துக்கெழமை வந்து நின்னுட்டான்னா? வண்டி சரியா இருக்கோணுமுங்களே" என்றார்.

"வண்டி சரியாத்தானுங்ணா இருக்கு" என்றாள் பிலோமினா. "ரெண்டு பேருக்கு."

மருதாசலம் நூல்கண்டைக் கீழே வைத்தார். பிறகு அளவை ஒருத்தருக்கே வைத்துக் கொடுத்துவிடச் சொன்னார்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் எழுந்தாள். ஸ்பேனரோடு முன் சக்கரத்துப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"மூட்டையை எறக்குங்."

பெல்ட்டைக் கழற்றினார். மூட்டையைச் சுற்றிக் கையைக் கொடுத்தார். அதைவிடக் கனமான இரும்பைத் தினமும் தூக்குகிறவர்தான். கை கொடுத்தது கொடுத்தபடி குனிந்து நின்றார். மகனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வேறு எதுவுமே வேண்டாம், ஒரு தரம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கத்துவதைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

பெல்ட்டைத் திரும்ப மாட்டினார்.

"ரெண்டு பேருக்கே இருக்கட்டுமுங்க. இழுத்தா இழுக்கட்டும். நான் புடிச்சுக்கறேன்."

"சரிங்ணா. மூட்டை எத்தன கிலோ?"

"அறுபத்திரண்டு." கேட்டு வாய் மூடுவதற்குள் சொன்னார்.

"அது அவன் போறப்ப இருந்த எடை."

"ஆமாங்க."

"இப்ப எத்தன கிலோ?"

தலைமயிர் கனத்துக்குக் கணக்குச் சொல்கிற மருதாசலத்துக்கு அது தெரியவில்லை.

"அவங்கம்மாகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க."

"அம்மாகிட்டக் கேட்டா எளைச்சுப்போயிட்டான்னுதானுங்ணா சொல்லுவாங்க."

ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, பிலோமினா டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டாள்.

அவர் போனை எடுத்தார். பெயரைத் தேடி அழுத்தினார். எடுப்பானா என்று பயமாக இருந்தது. எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயமாக இருந்தது.

எடுத்தான்.

சாப்பிட்டாயா என்று தொடங்கியிருக்கலாம். நல்லா இருக்கியா என்று கேட்டிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"டேய், எத்தன கிலோடா இருக்கற இப்ப?"

போனை வைத்துவிடுவான் என்றே நினைத்தார்.

"கொஞ்சம் ஏறிட்டேன்ப்பா" என்றான் தரணி. "எதுக்குக் கேக்கறீங்க?"

மருதாசலம் சீட்டில் இருந்த மூட்டையின் மேல் கையை வைத்தார்.

"வண்டி இழுக்குதுடா" என்றார். "இடது பக்கம்."