நட் மாற்றிய பேஸ் கிட்டார்

“இன்னையோட நிறுத்திக்கிடுதேன் டீச்சர்” என்றார் சந்தியாகு.

தூத்துக்குடியில் மக்ரூன் சுடுகிறவர். பேரன் எடுத்த வயதில் பேஸ் கிட்டார் கற்க வந்தவர். சொந்தமாகக் கிட்டார் கிடையாது. செல்மா டீச்சரிடம் இருந்த ஒரே பேஸில்தான் பாடம். டீச்சருக்கு அவர் மகள் வயது.

“ஏன் அண்ணாச்சி?”

“கிறிஸ்மஸ் பூசைக்குக் கோயில்ல வாசிக்கணும்னு சின்ன வயசு ஆசை. ஆசை இருந்தாப் போதுமா? கை வரணும்லா. எனக்கு வரல.”

எழுந்துவிட்டார். இனி வரமாட்டார் என்று டீச்சருக்குத் தெரிந்தது. மூன்று மாதமாக ஒரு வகுப்புகூடத் தவறவிடாத மனுஷன். அப்படியே அனுப்ப மனசு கேட்கவில்லை.

அவர் கைமேலேயே ஒரு சந்தேகம் வந்தது. மேசைமேல் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவரைப் பார்த்து எறிந்தார்.

சந்தியாகு டக்கென்று பிடித்தார். பிடித்தது இடது கை. பிடித்த வேகத்தில், ஏதோ திருடியது போல, வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அது என்ன அண்ணாச்சி, கை மாத்துதீங்க?”

“பழக்கந்தான். பீச்சாங்கையால ஒரு சாமானைத் தொட்டாப் போதும், எங்கப்பா அந்தக் கையைப் பின்னால கட்டிப் போட்டுருவாரு.”

சிரித்துக்கொண்டே சொன்னார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஒரேயொரு வாட்டி வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

அவர் போனதும் டீச்சர் பேஸை மடியில் போட்டுக் கம்பிகளைக் கழற்றினார். இடது கைக்காரர் வாசிக்கக் கம்பிகளின் வரிசையைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டிப் பார்த்தார்.

கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காருகிற நட் இருக்கிறதே, அந்தச் சின்ன எலும்புத் துண்டு, அது ஒத்துவரவில்லை. தடித்த கம்பி மெல்லிய கம்பியின் பள்ளத்தில் இறங்க மாட்டேன் என்றது. மெல்லியது தடித்ததன் பள்ளத்தில் லொடலொடவென்று ஆடியது.

பழைய நட்டைத் தட்டிப் பெயர்த்தார். புது எலும்பில் பள்ளங்களை இடம் மாற்றி அராவினார். கம்பியை வைத்துப் பார்ப்பார், மறுபடி அராவுவார். ஒட்டி முடித்தபோது மடியெல்லாம் எலும்புத் தூள்.

இனி அந்தக் கிட்டார் டீச்சர் கைக்கு ஆகாது. தெரிந்துதான் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தியாகு வந்தார். விடைபெறும்போது கொடுக்கலாம் என்று ஒரு மக்ரூன் பொட்டலம் கொண்டுவந்திருந்தார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே யாரோ பேஸ் வாசிக்கிறார்கள். வாசிப்பா அது! தாளம் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். நம்மைவிட மோசமான ஆளும் இருக்கிறானே என்று அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

எட்டிப் பார்த்தார்.

செல்மா டீச்சர். இடது கைக்காரர் மாதிரி கிட்டாரை மாற்றிப் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை.

சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“மூணு மாசமா உங்களுக்கு இப்படித்தான் இருந்துச்சா அண்ணாச்சி?”

சந்தியாகு உள்ளே வந்தார்.

டீச்சர் எழுந்து கிட்டாரை நீட்டினார். சந்தியாகு பொட்டலத்தை வைத்துவிட்டு, வாங்கிக்கொள்ள வலது கையை நீட்டினார்.

டீச்சர் கொடுக்கவில்லை.

“அந்தக் கையால வாங்குங்க.”