கலங்கலும் சேறும்

ஒரு காட்டில் கோடை பிறந்ததும் ஆறு வெறும் மணலாகிவிடும். தண்ணீர் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மணலைக் கிளறி ஊற்றுத் தோண்டத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். காட்டுப்பன்றி செவந்தி ஒருத்தி, முள்ளம்பன்றி முள்ளன் மற்றொருவன். தோண்டிய ஊற்று ராத்திரியில் சரிந்து மூடிவிடும். விடிந்ததும் மறுபடி தோண்ட வேண்டும்.

ஆனால் குடிக்கும் வரிசையைக் கேளுங்கள், குழந்தைகளே! முதலில் காட்டெருமைத் தலைவர் கடம்பன், அடுத்து மான்கள், அப்புறம் மந்திரி நரி. அதன் பிறகு முள்ளன். கடைசியில் செவந்தி! அவள் முறை வரும்போது குழியில் சேறுதான் மிஞ்சும்.

அன்று செவந்தியின் கடைக்குட்டி சேற்றை நக்கிவிட்டுச் சுருண்டு விழுந்தது. செவந்தி நேரே தலைவரிடம் போனாள்.

"தோண்டுகிற நாங்கள் ஏன் கடைசி?" என்று கேட்டாள்.

"கொம்பு உள்ளவர் முந்தி, இல்லாதவர் பிந்தி. பிறவியிலேயே வகுத்தது, அம்மா!" என்றது நரி.

"அப்படியா? உம் கொம்பு எங்கே, நரியாரே?"

மான்கள் களுக்கென்று சிரித்தன. நரி வாலைச் சுருட்டிக்கொண்டது.

மறுநாள் விடிந்தது. செவந்தி மணலைத் தொடவில்லை; கரையில் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"முட்டித் தள்ளிவிடுவேன்!" என்று உறுமினார் கடம்பன்.

"தாராளமாக முட்டுங்கள். என்னை முட்டினால் மணல் தண்ணீர் தருமா?"

"உன் குட்டியும்தானே சாகும்?" என்றது நரி.

"சேறு குடித்தாலும் சாகத்தானே போகிறது!" என்றாள் செவந்தி. அவள் எழுந்திருக்கவில்லை.

நரி மெல்ல முள்ளனிடம் போனது. "நீ தோண்டு, ராசா. இனி எனக்கு முன்னால் உன் இடம். பன்றி எப்போதும் உனக்குப் பின்னால்தான்!"

முள்ளனுக்குத் தலைகால் புரியவில்லை. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு மணலில் இறங்கினான்.

"முள்ளா, நேற்று நீ குடித்தது என்ன?" என்று கேட்டாள் செவந்தி.

"கலங்கல்."

"எனக்குக் கிடைத்தது சேறு. தோண்டியது நாம் இருவரும். கலங்கலுக்கும் சேற்றுக்கும் நடுவில் என்னடா பெருமை?"

 சுருண்டு கிடந்த குட்டியை முள்ளன் பார்த்தான். கரையேறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"இவர்கள் இல்லாவிட்டால் என்ன? நாமே தோண்டுவோம்!" என்று குதித்தது நரி. கடம்பன் குளம்பால் தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. கொம்பெல்லாம் மணல், வாயெல்லாம் மணல்! வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் தலைவரின் நாக்கு வெளியே தொங்கியது.

"என்னதான் வேண்டும், சொல்!" என்றார்.

"தாகம் மிகுந்தவர் முதலில் குடிக்கட்டும். எல்லாரும் மணல் தள்ளட்டும்."

"சரி, அப்படியே ஆகட்டும்!"

செவந்தியும் முள்ளனும் இறங்கினார்கள். ஊற்றுக் கண் திறந்ததும் முதல் வாய்த் தண்ணீர் கடைக்குட்டிக்குப் போனது. அது கண் திறந்து, "அம்மா, தண்ணீருக்குள் வானம் தெரியுது!" என்றது.

"நான் எங்கே நிற்பது?" என்று முனகியது நரி.

"முதலில் மணலைத் தள்ளும், நரியாரே. தண்ணீர் எங்கேயும் ஓடிவிடாது!" என்றான் முள்ளன்.

நீதி: எனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற பெருமைதான், மேலே இருப்பவனின் பலம்.