பாலத்துக்கு முன்னால் ஓர் ஊஞ்சல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், நாணற்காடு என்கிற சீமையை மருதமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனுஷர் நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு.

அந்த ஊர் ஆற்றுப்பாலம் மழையில் இடிந்து, சந்தைக்குப் போன சனங்கள் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். விசாரித்தால், படம் வரைந்தவர் கல்தச்சரைக் கைகாட்டினார். கல்தச்சர் கொத்தனாரைக் கைகாட்டினார். புதுப்பாலம் கட்டக் கருவூல அதிகாரி சீராளர் ஒரு யோசனையோடு வந்தார். மந்திரி தில்லைவனத்தைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"படம் ஒருவர், கல் ஒருவர், கட்டுவது ஒருவர். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே வேண்டாம், அரசே. அப்போதுதான் கூட்டுச் சேர்ந்து ஏமாற்ற முடியாது."

"பலே! மந்திரியாரே, உத்தரவில் முத்திரை வையும்."

"வைக்க மாட்டேன்," என்றார் தில்லைவனம்.



"வைக்காவிட்டால் உம் பதவி போகும்."

"போகட்டும். போன பாலமும் இப்படிக் கட்டியதுதானே? இன்னொரு தடவை சனங்களை ஆற்றில் தள்ள எனக்குக் கை வராது." குரலை அவர் இறக்கவில்லை. "என்னை அனுப்புமுன் சீராளர் முறைப்படி ஓர் ஊஞ்சல், என் முறைப்படி ஓர் ஊஞ்சல் செய்து பாருங்கள்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். சரி என்றுவிட்டார்.

சீராளரின் ஆட்கள் மூவரும் மூன்று மூலையில் வேலை பார்த்தார்கள். தில்லைவனமோ படம் போடுபவர், தச்சர், கொல்லர் மூவரையும் ஒரே கொட்டகையில் உட்காரவைத்தார். "ஆரம்பத்திலிருந்தே கலந்து பேசுங்கள். தப்பு வந்தால் மூன்று பேரும் சேர்ந்துதான் பதில் சொல்லணும். சரிபார்க்க வெளியாள் வருவார்." உள்ளே ஒரே சண்டை. இந்தக் கனத்தைச் சங்கிலி தாங்காது என்று கொல்லர் போட்ட கூச்சலில் தச்சர் பலகையையே மாற்றினார்.

இரண்டும் சபையில் தொங்கின. சீராளரின் ஊஞ்சல்தான் பளபளவென்று இருந்தது.

"உம்முடையதில் முதலில் நீரே உட்காரும்," என்றார் தில்லைவனம்.

சீராளர் தம் கொல்லர் பக்கம் திரும்பினார். "சங்கிலி தாங்குமா?"

"சங்கிலி நல்ல சங்கிலிதான் ஐயா. பலகை என்ன கனம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?"

"என் பலகைக்கு ஒரு குறையும் இல்லை. சங்கிலியைப் பற்றி அவரையே கேளுங்கள்," என்றார் தச்சர்.

சீராளர் ஊஞ்சலை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். உட்காரவில்லை.

மற்ற ஊஞ்சலில் அதைச் செய்த மூவரும் யாரும் சொல்லாமலே ஏறி, நடுவில் மந்திரிக்கு இடம் விட்டார்கள். அவரும் போய் உட்கார்ந்தார்.

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. "பதவி உமக்கே. பாலமும் உம் வழியில்தான்."

"நாளைக்கு வேறு யாராவது பேசினாலும் இதே வாக்குத்தானே, அரசே?" என்றார் தில்லைவனம், ஆடிக்கொண்டே.

ராஜா சிரித்துவிட்டார். சீராளரின் ஆசனத்தை எடுக்கச் சொல்லி, இனி அந்தப் பளபள ஊஞ்சலில்தான் அவர் உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டார். அன்றுமுதல் சபை கலையும்வரை சீராளர் நின்றுகொண்டேதான் இருந்தார்.